குருவி டாக்டருக்கு அவன் வாப்பா எழுதுவது

மகன் யாசீனுக்கு, உன் மேல் சாந்தியும் அருளும் இறங்கட்டும்.

இதற்கு அடுத்த வரியில் இங்கே யாவரும் நலம் என்று எழுதித்தான் என் கை பழகியிருக்கிறது. இம்முறை அதைக் கொஞ்சம் பிரித்து எழுதுகிறேன். உன் உம்மா நலம், முழங்கால் வலி மட்டும் மழைக்கு முந்தியே வந்துவிட்டது. கடை நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. எனக்கு வந்திருப்பது வெட்கம். அதற்கு மருந்து எழுதிக் கொடுக்கத்தான் டாக்டர் மகன் இருக்கிறானே என்று கேலி பேச நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் இந்தக் கடிதமே அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான், அதனால் அடக்கிக்கொள்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கைக்கு வருவதற்கு முன் இதை ஒருத்தி படித்திருப்பாள். உனக்கு நாங்கள் பேசி முடித்திருக்கிற ஆமினாதான். அது அவள் போட்ட நிபந்தனை.

எண்பத்தெட்டில் பர்மா முழுக்கக் கிளர்ச்சி நடந்தபோது உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், தெருவில் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாது, நம் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட்டில் பாதிக் கடைகள் கதவை இறக்கியே வைத்திருந்தன. நம் குடைக்கடையும் அப்படித்தான். நல்ல மழைக்காலத்தில் குடைக்கடையைப் பூட்டி வைத்திருப்பவனுக்கு வயிறு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியாது. நீ உள்ளே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டை வழியாக, கடைப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவியைப் பார்த்தே பொழுதை ஓட்டினாய். குஞ்சு பொரித்த அதே வாரம் மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. தாய்க்குருவி இரை தேடிப் போனால் குஞ்சுகளுக்குச் சூடு இல்லை, சூட்டுக்கு உட்கார்ந்தால் இரை இல்லை. ஒரு காலையில் எல்லாக் குஞ்சுகளும் வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தன. நீ அழுதுகொண்டே வந்து என்னிடம் கேட்டாய்: "மழை பெஞ்சா நமக்கு யாவாரம்தானே வாப்பா? அதுக்கு மட்டும் ஏன் மவுத்து?" நல்ல கேள்வி. நான் சொன்ன பதில், "போய்ப் படிடா. ஆம்பளப் புள்ள குருவிக்கு அழுவுறான்னு பக்கத்துக் கடைக்காரன் சிரிக்கப் போறான்" என்பது. குருவி விஷயத்தில் நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கடையும் அன்று பூட்டித்தான் இருந்தது. சிரிப்பதற்கு ஆளே இல்லை.

பிறகு நீ பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாவது தேறி நின்றபோது இங்கே பல்கலைக்கழகங்களை மூடினார்கள். உன்னைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் பினாங்கில் உன் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பினேன். நீ மேசை துடைத்துக்கொண்டே படித்தாய். என்ன படிக்கிறான் என்று கேட்டதற்கு உன் மாமா உயிரியல் என்றார். உயிர் என்று வருகிறதே, அப்படியானால் வைத்தியம் பக்கம்தான் போகிறான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நீ நார்வேக்குப் போனபோதும், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் என்றுதான் உன் உம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் காதுக்குப் பிடிக்காத பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

ஒரு நாள் நீ கடைப் போனில் கூப்பிட்டு நீயாகவே சொன்னாய். ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து அந்தக் குளிர்நாட்டில் குஞ்சு பொரிக்கிற ஈப்பிடிப்பான் என்ற குருவி, கறுப்பும் வெள்ளையுமாகக் கையளவுகூட இருக்காது, அதற்காக மரம் மரமாகப் பலகைப் பெட்டி அடித்து வைத்திருக்கிறோம், எந்தப் பெட்டியில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை பிழைத்துப் பறந்தன என்று பார்ப்பதுதான் என் படிப்பு என்றாய். அந்த வருஷம் குஞ்சு பொரித்த நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்து வந்ததாம். புழுக்கள் எங்கோ ஒடுங்கிவிட்டன, பெற்ற குருவிகள் வெறும் அலகோடு திரும்பின, பெட்டி பெட்டியாகத் திறந்து செத்த குஞ்சுகளை எடுத்தேன் வாப்பா என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. எனக்கு அது கேட்டது. ஆனாலும் நான் சிரித்தேன். "மழை பெஞ்சா குஞ்சு சாவும்னு கண்டுபிடிக்க அம்புட்டுத் தூரம் போவணுமா? நம்ம கடைப் பலகைலயே பாத்தியே" என்றேன். பிறகு, "அங்க பாத்ததுதான் வாப்பா, அதுக்கப்புறம் வேற எதையும் பாக்க முடியல" என்றாய்.

அதற்குமேல் நீ சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. மழை அதிகமா குறைவா என்பது பெரிதில்லை, எந்த வாரத்தில் பெய்கிறது என்பதுதான் கணக்கு என்றாய். முட்டையாக இருக்கையில் பெய்தால் தாய் அடைகாத்துச் சமாளித்துக்கொள்ளும். இறகு முளைத்த குஞ்சும் ஓரளவு தாங்கும். பொரித்துச் சில நாளே ஆன, ரோமமில்லாத குஞ்சு இருக்கும்போது வந்தால் தீர்ந்தது. அதைவிடச் சிக்கல், இப்போதெல்லாம் அங்கே வசந்தம் முந்திக்கொண்டு வருகிறது, புழுவும் முந்திவிடுகிறது, தூரத்திலிருந்து வருகிற குருவிக்கு அது தெரியாததால் பந்தி முடிந்த பிறகு வந்து சேருகிறது என்றாய். யாசீன், எனக்கு அது நன்றாகவே விளங்கியது. பருவமழை பிந்தினால் கட்டிவைத்த குடையெல்லாம் தூங்கும், முந்தினால் சரக்கு வந்திருக்காது. நாற்பது வருஷமாக வாரம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். "நீயும் நானும் ஒரே தொழில்தாண்டா" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். "உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டேன்.

நீ பட்டம் வாங்கியதும் இனி என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவார்கள் என்றாய். எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பள்ளிவாசலில் சொன்னேன், தேநீர்க் கடையில் சொன்னேன். "மவன் டாக்டராயிட்டான்." இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். நம் ஆட்கள் ஊசி போடுகிற டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் பர்மியப் பேச்சில் அப்படித் தப்பிக்க முடியாது. உனக்குப் பர்மியச் சொல் மறந்திருக்காது. படித்துப் பட்டம் பெற்றவரையும் டாக்டர் என்பார்கள், நோய் பார்ப்பவரை மட்டும் சயாவுன் என்பார்கள். மாடி வீட்டு அம்மாள் டோ டின் என்னைப் பார்த்து, "அகோ, பையன் சயாவுனா?" என்று கேட்டார். என்னை அவர் அகோ, அண்ணா, என்றுதான் கூப்பிடுவார், உனக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு நான், "ஆமா, சயாவுன்தான்" என்றேன். தமிழில் சும்மா இருந்தவன் பர்மியத்தில் வாய் திறந்து பொய் சொன்னேன்.

அந்தப் பொய்க்கு வேலை வந்தது புயலுக்குப் பிறகு. இரண்டாயிரத்து எட்டில் இந்த ஊர் எப்படிக் கிடந்தது என்று அப்போதே எழுதியிருந்தேன். மரங்கள் எல்லாம் தெருவில், கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை. நம் கடைப் பலகையும் பாதி பிய்ந்து தொங்கியது. அதில் மறுபடி குருவி வந்து வைக்கோல் செருகியதைக்கூட எழுதினேன். எழுதாமல் விட்டது இது. டோ டின்னின் பேத்தி சூ சூவுக்கு ஒரு சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. அவர் என்னிடம் ஓடி வந்து, "அகோ, உங்க சயாவுன் மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றார். கடைப் போன் புயலன்றே செத்துவிட்டது. அவருக்கு அது நினைவில்லை. நான் இறங்கிப் போனேன், ஊமைப் போனுக்கு முன்னால் சிறிது நேரம் நின்றேன், ஏறி வந்தேன். "பயப்பட வேணாமாம். பாரசிட்டமாலும் கஞ்சித் தண்ணியும் குடுக்கச் சொன்னான்" என்றேன். அவர் கை கூப்பினார். காலையில் அந்தப் பிள்ளையின் ஈறில் ரத்தம் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு. அல்லாஹ் காப்பாற்றினான், பிள்ளை பிழைத்து வந்தாள். நான் ஒரு மனிதனாக இருந்திருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பேன். டோ டின் என்ன செய்தார் தெரியுமா? நாம் சாப்பிட வேண்டும் என்பதற்காக நம் கடைத்தெருவில் ஹலால் கோழி தேடி வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றிய நூடுல்ஸ், அந்தக் கவ்சுவே, செய்து கொண்டுவந்து, "சயாவுனைப் பெத்தவருக்கு" என்று நீட்டினார். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்றுகூடச் சொன்னேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். தாமுவேயில் தையற்கடை வைத்திருக்கிற ஹனீபாவின் மகள் ஆமினா. அச்சுக்கடையில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அடக்கமான பெண், நாகூர்க் குடும்பம் என்று உனக்கு எழுதினேன், நீயும் சரி என்றாய். ஹனீபாவின் தகப்பனார் நாகூர்தான், அதில் பொய் இல்லை. ஆமினாவின் தாய் பர்மாக்காரர். மார்க்கத்துக்கு வந்து நிக்காஹ் செய்தவர். அதை உனக்கும் சொல்லவில்லை, நம் சொந்தக்காரர்களுக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் நாகூர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவர்கள் பக்கம் போய் மாப்பிள்ளை டாக்டர் என்றேன். நம் பக்கம் வந்து பெண் நாகூர் என்றேன். இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி கொடுத்துவிட்டு, நல்ல தகப்பன் என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசினால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்பதால், அவர்களிடம் அவன் காட்டோர ஊரில் இருக்கிறான், போன் எடுக்காது என்றே காலம் தள்ளினேன். நீ நம்பர் கேட்டபோதெல்லாம், பெண் வீட்டில் கூச்சப்படுகிறார்கள் என்று உன் வாயையும் அடைத்தேன்.

போன வாரம் ஆமினா கடைக்கு வந்தாள். தனியாகத்தான். குடை வாங்க வந்தவள்போல இரண்டை விரித்துப் பார்த்துவிட்டு, பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தமிழை அவள் யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். "மாமா, பர்மாக் கார்டுல மாப்பிள்ள பேருக்கு முன்னாடி என்ன போடணும்? வாப்பா சயாவுன்னு போடச் சொல்றாங்க. நீங்க சொன்னீங்களாம்." நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் இன்னொரு தாளை எடுத்து மேலே வைத்தாள். உன் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடி அச்சடித்திருக்கிறாள். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஏணியில் நிற்கிறாய். பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. உள்ளங்கையில் ரோமமில்லாத குஞ்சு ஒன்று. உன் முகத்தில் நான் எண்பத்தெட்டுக்குப் பிறகு பார்க்காத ஒரு முகம்.

"இவரு யாரு மாமா?"

"எம் மவன்தாம்மா."

"குருவி டாக்டரா?"

"ஆமா."

"நல்ல வேலைதானே. ஏன் சொல்லல?"

"ஊருல சிரிப்பாங்கம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. விரித்த குடைகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பொத்தான் போட்டாள். பிறகு கேட்டாள்: "குருவியச் சொல்றதுக்கே வெக்கப்படுறீங்க. அப்ப எங்க அமேயப் பத்தி வெளில என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" அமே என்று அவள் தன் தாயைச் சொல்கிறாள். நாகூர் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். "அமே நாகூரப் பாத்ததே இல்ல மாமா" என்றாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கார்ட நிறுத்தி வச்சிட்டேன். நீங்க எல்லாத்தயும் அவருக்கு எழுதுங்க. எனக்குக் காட்டிட்டு அனுப்புங்க. அவரு படிச்சப்புறம் நான் அவருகிட்ட பேசுறேன். பேசிட்டுத்தான் கல்யாணம் வேணுமா வேணாமான்னு சொல்வேன்."

அன்று மாலையே மாடிக்குப் போய் டோ டின்னிடம் சொன்னேன். என் மகன் சயாவுன் இல்லை, குருவிகளைப் படிப்பவன் என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். "அப்ப அன்னைக்குக் கஞ்சித் தண்ணி குடுக்கச் சொன்னது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "சூ சூ தூங்குறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகும் படிக்கட்டில் பார்த்தால் பேசுகிறார். மரியாதையாக ஊ என்ற அடைமொழி சேர்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அகோ என்று மட்டும் கூப்பிடுவதில்லை. தேநீர்க் கடையில் சொன்னபோது நான் பயந்த மாதிரியே சிரித்தார்கள். குடைக்கடைக்காரன் மகன் குருவிக்குக் குடை பிடிக்கப் போயிருக்கிறான் என்று ஒருத்தன் சொன்னான். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் பயந்து நடுங்கியது ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோனது. டோ டின்னிடம் பட்டதுதான் முடியவில்லை.

தகப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டும். சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை என்றாலும் வாய் சும்மா இருக்காது. உண்மையைச் சொல்வதற்கும் நீ சொன்ன அந்த வாரக் கணக்கு உண்டு என்று நினைக்கிறேன். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் இது ஒன்றுமே இல்லை. நாள் போகப் போக ஒரு பிள்ளையின் உயிர், ஒரு பெண்ணின் கல்யாணம் என்று அதன்மேல் ஏறிக்கொண்டே போனது. ஆமினா உன்னைக் கூப்பிடும்போது உன் வேலையை முழுசாகச் சொல், செத்த குஞ்சுகளையும் சேர்த்துச் சொல். நான் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கமாட்டாள். தாயைப் பற்றி அவள் சொல்லும்போது அதெல்லாம் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. பரவாயில்லை என்பது பெரிய மனது காட்டுகிறவன் பேசுகிற பேச்சு. அவரைப் பற்றி என்னென்ன என்று கேள். அவள் வேண்டாம் என்று முடிவு செய்தால் அவளைக் கோபிக்காதே. என்னைக் கோபித்துக்கொள். உன்னைப் பற்றி வெட்கப்பட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீயாகக் கொடுக்கும்வரை காத்திருப்பேன், திரும்பக் கேட்கமாட்டேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை தாமுவேக்கு எடுத்துப் போனேன். ஆமினா அச்சுக்கடை வாசலில் நின்றே முழுவதையும் படித்தாள். என் தமிழ் எழுத்து அவளுக்குக் கஷ்டம், சில இடத்தில் விரல் வைத்துக் கேட்டாள், நான் வாசித்துக் காட்டினேன். கவ்சுவே வருகிற இடத்தில் என்னைப் பார்த்தாள். கடைசிவரை படித்துவிட்டு, ஒருமுறை முன்னும் பின்னும் புரட்டினாள். "எல்லாரு பேரும் இருக்கு மாமா. மாடி வீட்டுக்காரங்க பேரு இருக்கு, அவங்க பேத்தி பேரு இருக்கு, எங்க வாப்பா பேரு இருக்கு. எங்க அமே பேரு எங்க?" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். பர்மாக்காரர் என்று எழுதியிருக்கிறேன். தாய் என்று எழுதியிருக்கிறேன். வெட்கத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவன் அதை எழுதவில்லை. அச்சுக்கடையிலேயே ஒரு பேனா வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்க இதை எழுதுகிறேன். அவர் பெயர் டோ கின் மே. கியாக்தானில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். தாமுவே மார்க்கெட்டில் கருவாடு விற்கிறார்.